பனியிலும் தெரிகிற இரண்டு நிறம்

கோம்பையில் கம்பளி பின்னிப் பிழைத்தவள் மூக்கம்மாள். மண்டை காய்கிற வெயில் ஊரில் கம்பளிக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் மேற்கே திரும்பி நிமிர்ந்து பார்த்ததில்லை. மேற்கே மலை, மலை உச்சியில் ராமக்கல்மெட்டு. அங்கே அடிக்கிற காற்று மாட்டைக்கூட நகர்த்திவிடும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர், விறகுக்குப் போகிறவர், மலைக்கு அந்தப் பக்கம் சொந்தம் பார்க்கப் போகிறவர், எல்லாருக்கும் காதையும் கழுத்தையும் மூட ஒன்று வேண்டும். அதைப் பின்னித் தந்தவள் மூக்கம்மாள்.

அவள் பள்ளிக்கூடத்து வாசல் மிதித்தவள் இல்லை. சிறுமியாக இருந்தபோது ராயப்பன்பட்டியில் கன்னியாஸ்திரீகள் வீட்டுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள். அங்கே தையல் அறையில் ஒரு வயசாளி சிஸ்டர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார். குடத்தை இறக்கிவிட்டு நின்று பார்த்துக்கொண்டே இருந்த பிள்ளையின் கையில் ஒருநாள் ஊசியைக் கொடுத்துவிட்டார். எழுத்து வராத கைக்கு அது வந்தது.

அவள் பின்னியது மப்ளர் மாதிரி இரண்டு பக்கமும் தொங்காது. வளையமாக இருக்கும். தலை வழியே மாட்டி இறக்கினால் கழுத்தோடு பூனைக்குட்டிபோல ஒட்டிக்கொள்ளும். ஊரில் அதற்குத் தலைவழி மப்ளர் என்றே பெயர். இரண்டு நிறத்தில் அதில் கோலம் இறக்குவாள். பார்க்கிறவர்கள் பெரிய வித்தை என்று நினைப்பார்கள். வித்தை ஒன்றும் இல்லை. இருண்ட நூலில் இரண்டு சுற்று, வெளிர் நூலில் இரண்டு சுற்று. அந்தச் சுற்றில் சில கண்ணியைப் பின்னாமல் அப்படியே மறு ஊசிக்குத் தூக்கி மாற்றிவிட்டால், கீழே இருந்த நிறம் மேலே ஏறி நின்றுகொள்ளும். அது சதுரமாகும், படிக்கட்டாகும், சங்கிலியாகும். கை செய்கிற வேலை இவ்வளவுதான். மற்றதெல்லாம் நிறம் செய்கிற வேலை. நிறத்தைத் தப்பாக எடுத்துவிட்டால் ராத்திரி பகலாகப் பின்னினாலும் கோலம் கண்ணுக்கு அகப்படாது.

அவளுக்கு ஒரே தம்பி, செல்லப்பாண்டி. அவன் தவழ்கிற வயதில் ஆத்தா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பன் அதற்கும் முன்னாலேயே போயாயிற்று. அக்காள்தான் அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு போட்டவர் தாய்மாமன் நல்லகண்ணு. ஆத்தாவின் உடன்பிறந்த தம்பி. மூக்கம்மாளைச் சின்னக்கருப்புக்குக் கட்டிக்கொடுத்தவரும் அவரே. ஆகவே மாமன் ஒரு சொல் சொன்னால் அதற்கு மறுசொல் அந்த வீட்டில் கிடையாது.

அரிசியை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தடை போட்டிருந்த வருஷங்கள் அவை. அந்தப் பக்கம் அரிசிக்குத் தட்டுப்பாடு. இந்தப் பக்கம் பள்ளத்தாக்கு முழுக்க நெல். தடை போட்டால் பசி கேட்டுக்கொண்டு சும்மா இருக்குமா? ஆட்கள் தலையில் மூட்டையோடு ஒற்றையடிப் பாதையில் மலை ஏறினார்கள். அதைத் திருட்டு என்று ஊரில் யாரும் நினைக்கவில்லை. மாமன் நல்லகண்ணுதான் அரிசி சேர்த்து ஆள் அனுப்புகிறவர். அந்த ஆட்களுக்கு முன்னால் நடக்கிறவன் செல்லப்பாண்டி. மலைப்பாதை அவனுக்குத் தன் உள்ளங்கை மாதிரி.

அந்தக் கார்த்திகையில் செல்லப்பாண்டிக்குக் கூடலூரில் பெண் பேசி முடித்தார்கள். தையில் கல்யாணம். மாமனுக்கும் ஒரு மகள் இருந்தாள், சுருளியம்மாள். முறைப்பெண்தான். ஆனால் அவளை மாதச் சம்பளக்காரனுக்குத்தான் கொடுப்பேன் என்று மாமன் சொல்லியிருந்தார். அதில் அக்காளுக்கோ தம்பிக்கோ வருத்தம் இல்லை.

பெண் பேசி முடித்த கையோடு ஒருநாள் மாமன் வந்து நின்றார்.

"ஆத்தா மூக்கு, கிளம்பு. தேனிக்குப் போயி நல்ல நூலா எடுப்போம். மாப்பிள்ளைப் பயலுக்கு என் கையால ஒரு தலைவழி மப்ளரு போடணும்."

"எதுக்கு மாமா தேனி? கம்பம் சந்தையில பழைய சொட்டரு கிடைக்கும். பிரிச்சுப் பின்னிக்கிருவேன்."

"பழசா? என் மருமகன் கழுத்துக்கா? கிளம்பு புள்ள."

மூக்கம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சின்னக்கருப்புக்குத்தான் அது செரிக்கவில்லை.

"உங்க மாமன் பீடிக்குத் தீக்குச்சி கேட்டாலே பாதியா ஒடிச்சுக் குடுக்கிற ஆளு," என்றான். "நூலு வாங்கத் தேனி வரைக்கும் பஸ் ஏறுறாராக்கும்?"

"உங்க வீட்டு ஆளுக இதுவரைக்கும் எனக்கு ஒரு முழக் கயிறாச்சும் வாங்கித் தந்தாகளா? பேச வந்துட்டாரு," என்று சொல்லிவிட்டு அவள் தலையை முடிந்துகொண்டாள்.

தேனிக் கடைவீதியில் பொன்னுராஜ் அண்ணாச்சி கடையில் நூல், பொத்தான், ரிப்பன், எல்லாம் கிடைக்கும். அண்ணாச்சி கம்பளி நூல் சிட்டங்களை எடுத்துப் பலகை நிறையப் பரப்பினார்.

"அரக்கும் பச்சையும் எடுத்துக்கம்மா. கல்யாண மாப்பிள்ளைங்கிறீக. பட்டுச் சீலை கணக்கா இருக்கும்."

மூக்கம்மாள் இரண்டிலும் ஒவ்வொரு இழையை இழுத்துச் சேர்த்து முறுக்கினாள். கடையின் பின்பக்கம், வெளிச்சம் போகாத மூலைக்கு எடுத்துப் போனாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தாள்.

"சரிப்படாது அண்ணாச்சி. ரெண்டும் ஒண்ணாத் தூங்குது."

"அரக்கும் பச்சையும் ஒண்ணா? என்னம்மா சொல்றீக?"

"சீலையில கரை ஒரு சாண் அகலம். அங்கன பச்சை பச்சையா நிக்கும். இங்கன ஒரு கண்ணி ஒரு அரிசி அம்புட்டுத்தான. ரெண்டுக்கும் இருட்டு ஒரே இருட்டு. பின்னி முடிச்சா சாணி மொழுகுன மாதிரிதான் இருக்கும்."

மஞ்சளையும் ரோஸையும் முறுக்கினாள். இரண்டும் வெளிச்சம். அதுவும் ஆகாது. ஊதாவையும் காப்பிக்கொட்டை நிறத்தையும் முறுக்கினாள். இரண்டும் இருட்டு. ஒவ்வொரு தடவையும் மூலைக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"கடைக்கு வந்து கண்ணை மூடிக்கிட்டு நூலு வாங்குற ஆளை இப்பத்தாம்மா பார்க்கேன்," என்றார் அண்ணாச்சி.

"கண்ணைத் தொறந்து வாங்குனவ எல்லாம் உங்ககிட்ட ஏமாந்துதான போறா," என்றார் மாமன். கடையே சிரித்தது.

பிறகு மாமன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏத்தா, கறுப்பும் வெள்ளையும்னா பளிச்சுன்னு தெரியும்ல?"

"என்ன மாமா பேசுறீக? பரிசம் போட்ட பயலுக்குக் கறுப்பா?"

"அதுவும் சரிதான். ஆனா பனிக்குள்ள தெரியணும் பாத்துக்க. பய முன்னாடி போறான். மார்கழிப் பனியில பின்னாடி வாரவன் அவனைப் பாத்துத்தான் கால் வைக்கணும். தடம் மாறுனா பள்ளம்."

அந்தப் பேச்சில் அவளுக்கு மனசு இளகிவிட்டது. தன் தம்பியின் காலடிக்கு இப்படிக் கவலைப்பட இன்னொரு ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில் கருநீலம் ஒன்று எடுத்தாள். மழை இறங்கப் போகிற மேகத்துக்கும் மேலே ஒரு பிடி இருட்டு. அதற்கு ஜோடியாகச் சந்தன வெள்ளை. முறுக்கி மூலைக்கு எடுத்துப் போனாள். கண்ணை எவ்வளவு சுருக்கினாலும் இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகியே நின்றன. பாம்புத் தோல் மாதிரி வரி வரியாக.

"இது தெரியும் மாமா. பனி என்ன, புகைக்குள்ள நின்னாலும் தெரியும்."

"எம்புட்டுத் தூரத்துக்கு?"

"கூப்பிடு தூரத்துக்குத் தெரியும்."

மார்கழி பிறந்தால் நல்ல காரியம் செய்யக் கூடாது, அதற்குள் முடி என்று மாமன் விரட்டினார். அவளும் அடுப்பு வேலை, மாட்டு வேலை போக மற்ற நேரமெல்லாம் பின்னினாள். பெரிய பெரிய சதுரமாக இறக்கினாள். சின்னக் கோலம் தூரத்துக்குத் தாங்காது. முடித்த மறுநாள் விடியலில் மாமனே வந்து அதை வாங்கிப் போய்க் களத்துமேட்டில் ஒரு கம்பில் மாட்டினார். வயலெல்லாம் பனி மூடிக் கிடந்தது. மாமன் பின்பக்கமாகவே நடந்து நடந்து பனிக்குள் மறைந்து போனார். அப்புறம் அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"தெரியுது ஆத்தா! நல்லாத் தெரியுது!"

அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கார்த்திகைக் கடைசியில் நாலு சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து மாமன் அதைச் செல்லப்பாண்டியின் தலைவழியாகப் போட்டார். தாய்மாமன் கையால் கழுத்தில் ஒன்று விழுந்தால் அது மாலை மாதிரி. மாமன் சொல்லாமல் அதை எடுக்கிற வழக்கம் இல்லை.

"ஏலே, மலை ஏறும்போது இது கழுத்துல இருக்கணும். தை வரைக்கும் நான் போட்டதை நீ கழட்டக் கூடாது."

"குளிக்கயிலயுமா மாமா?" என்று செல்லப்பாண்டி கேட்க, பெண்கள் சிரித்தார்கள். அவன் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நின்றான். கூடலூர்க்காரி பார்த்தால் மயங்கி விழுவாள் என்று சின்னக்கருப்புகூடச் சொன்னான்.

மார்கழியில் ஒருநாள் பொழுது ஏறி வரும்போது பேச்சிமுத்து ஓடி வந்தான். செல்லப்பாண்டியோடு மூட்டை தூக்குகிறவன். வேட்டி முழுக்க முள் கிழித்திருந்தது.

"அக்கா, செல்லப்பாண்டியைப் பிடிச்சுட்டாக."

"யாரு? எங்கன?"

"மெட்டுக்குக் கீழ. செக்போஸ்ட்டுக்காரவுக. பனியில மூஞ்சி தெரியலக்கா, நாங்க பூராம் மூட்டையும் காலுமாத்தான் தெரிஞ்சோம். ஒரு ஆளு கத்துறாரு, 'நீலமும் வெள்ளையும் போட்டவனைப் பிடி, மத்தவன விடு'ன்னு. நாங்க மூட்டையப் போட்டுட்டு ஓடினோம். ஒருத்தரும் எங்களை விரட்டலக்கா. திரும்பிக்கூடப் பார்க்கல."

"அவன் ஓட வேண்டியதுதான?"

"மாமா அரிசின்னு மூட்டையப் போடாமயே ஓடினான்க்கா. எங்கிட்டு ஓடினாலும் கழுத்து தெரியுதுல்ல. தலையில மூட்டையோட அதைக் கழட்டவா முடியும்?"

மூக்கம்மாள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். தொங்கல் மப்ளராக இருந்தால் ஒரு இழுப்பில் உருவி எறிந்திருப்பான். தலைவழி மப்ளர், மூட்டையை இறக்காமல் வராது. அதுதான் வேண்டும் என்று கேட்டவர் யார்? கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று தெரியுமா என்று கேட்டவர் யார்? பனிக்குள் பின்பக்கமாகவே நடந்து போய்ப் பார்த்தவர் யார்?

"மாமன் எங்கடா?"

"அவுக இன்னைக்குக் காலையில குதிரையில பெரிய லோடு ஏத்திக் கம்பமெட்டுப் பக்கமா அனுப்பிட்டாகளாம். அங்கன சோதனைக்கு ஒரு ஆளும் இல்லையாம். எல்லாரும் நம்ம பக்கம் வந்துட்டாகளாம்," என்றான் பேச்சிமுத்து. சொல்லிக்கொண்டு வரும்போதே அவனுக்கும் குரல் இறங்கிவிட்டது.

அவள் மாமன் வீட்டுக்கு நேராக நடந்தாள். மாமன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுருளியம்மாள் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மூக்கம்மாள் முகத்தைப் பார்த்ததும் மாமன் மகளை உள்ளே போகச் சொன்னார். அப்போதே மூக்கம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லுங்க மாமா. நான் கேக்க மாட்டேன். நீங்களாச் சொல்லுங்க."

மாமன் துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டார்.

"அவுகளுக்கு ஒரு கேசு வேணும் ஆத்தா. ஒருத்தனாவது மாட்டணும், இல்லாட்டி பாதையவே மொத்தமா அடைச்சுப் போடுவாக. நம்ம பொழப்பே போயிரும்."

"ஒருத்தன்னா என் தம்பியா? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"வேற வீட்டுப் பயலைக் காட்டுனா ரெண்டு அடியில என் பேரைச் சொல்லிருவான். இவன் என் ரத்தம். தோலை உரிச்சாலும் மாமன் பேரு இவன் வாயில வராது."

இதை அவர் பெருமையாகச் சொன்னார். அதுதான் மூக்கம்மாளால் ஆயுசுக்கும் தாங்க முடியாமல் போனது. திட்டி இருக்கலாம், பொய் சொல்லி இருக்கலாம். அந்தப் பிள்ளையின் விசுவாசத்தை எடைபோட்டுப் பார்த்து, இது தாங்கும் என்று கணக்குப் பண்ணி விற்றிருக்கிறார். அதற்கு அவளுடைய கையையே அடையாளம் வைக்கச் சொல்லி இருக்கிறார்.

"என் கையால பின்ன வச்சுட்டீகளே மாமா," என்றாள்.

"யாருக்கும் தெரியாது ஆத்தா. நீ வாயத் திறக்காத. கொஞ்ச நாள்தான். வெளிய வந்ததும் அவனுக்கு நான் என்ன செய்யுறேன்னு மட்டும் பாரு."

உத்தமபாளையத்தில் தம்பியைப் போய்ப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். கழுத்து வெறுமையாக இருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, "மாமா செஞ்சிருக்க மாட்டாரு," என்றான். பிறகு, "நீ யார்கிட்டயாவது அதைக் காட்டிப் பெருமை பேசுனியாக்கா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியோடு பஸ் ஏறி வந்தாள். ஊரிலும் அதே கேள்விதான், வேறு வேறு வாயில். அக்கா பின்னினாள், தம்பி மாட்டினான். இதைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் அதை ஒரு பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். மலைக்குப் போகிற ஆண்கள் அவளிடம் வாங்கியதைக் கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். குழாயடியில் ஒருத்தி, "மூக்கு, எங்க வீட்டு ஆளுக்கு ஒண்ணும் வேண்டாம்த்தா. உன் மப்ளரு போலீசுக்குத்தான் நல்லாத் தெரியுதாம்," என்றாள். சுற்றி நின்றவர்கள் குடத்தைத் தூக்காமல் நின்று சிரித்தார்கள். கூடலூர்க்காரர்கள் ஆள் அனுப்பி, பெண் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மூக்கம்மாள் வாயைத் திறக்கவில்லை. மாமன் சொன்னதற்காக அல்ல. தம்பி வரட்டும், அவனே தெரிந்துகொள்வான், நாலு பேர் முன்னால் 'எங்க அக்கா அறியாமல் பின்னியது' என்று ஒரு வார்த்தை சொல்வான், அது போதும் என்று இருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக அத்தனை சிரிப்பையும் தாங்கிக்கொண்டாள்.

செல்லப்பாண்டி வெளியே வந்தான். நேரே போனது மாமன் வீட்டுக்கு. அக்காள் கோழி அடித்துக் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். குழம்பு ஆறிப் போன பிறகு வந்தான். புது வேட்டி, புதுச் சட்டை.

"அக்கா, மாமா சுருளியை எனக்குக் கட்டித் தாரேன்னு சொல்லிட்டாரு. வைகாசியில வச்சுக்கலாம்னு."

மூக்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் சொன்னதை அவர்ட்டக் கேட்டியாடா?"

"கேக்கல. அவரே சொன்னாரு. சொல்லிட்டு அழுதாரு."

"அழுதாரா?"

"என்னைய என்னக்கா செய்யச் சொல்ற? கூடலூர்க்காரன் கையை விரிச்சுட்டான். ஜெயிலுக்குப் போனவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? மாமா பொண்ணும் குடுத்து, வண்டியும் மாடும் தாராரு."

"அப்ப என் பேரு? ஊரே என்னையச் சிரிக்குதேடா. நீ ஒரு வார்த்தை சொல்லு. அக்கா தெரியாமப் பின்னுனான்னு சொல்லு, போதும்."

அவன் தரையைப் பார்த்தான். "அதைச் சொன்னா, அப்ப யாரு தெரிஞ்சு செஞ்சதுன்னு கேப்பாகள்ல. மாமா பேரு கெட்டா இனி எம் பேரும்தான் கெடும். விடுக்கா. நாலு நாள் பேசுவாக, மறந்துருவாக."

சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். நன்றாகவே சாப்பிட்டான். அவன் போன பிறகு சின்னக்கருப்பு, "உங்க மாமனாவது பொய் சொல்லி வித்தாரு," என்று ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டான்.

கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டால் மற்ற முடிச்சுகளை அவனுடைய உடன்பிறந்தவள் போட வேண்டும். அக்காள் வராவிட்டால் வேறு யாரையாவது கூப்பிட்டுப் போட்டுவிடுவார்கள். அந்த உரிமையையும் மாமன் கையில் எடுத்துக் கொடுக்க அவள் தயாராக இல்லை. தன் கைத்தறிச் சீலையைக் கட்டிக்கொண்டு போய்ப் பெண்ணுக்குப் பின்னால் நின்றாள்.

செல்லப்பாண்டி தாலிக்கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுக் கையை எடுத்தான். சுருளியம்மாள் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு இதில் ஒன்றும் தெரியாது. மயிர் ஒட்டிய பிடரியில் வியர்வை நின்றது. மூக்கம்மாள் மயிரை ஒதுக்கிவிட்டு முடிச்சுகளைப் போட்டாள். ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். எந்தக் காலத்திலும் அவிழாத முடிச்சு. பின்னுகிற கை அல்லவா. "நல்லா இரு ஆத்தா," என்று அவள் காதில் சொன்னாள். மனசாரத்தான் சொன்னாள்.

அப்புறம் பந்தலை விட்டு நடந்தாள்.

மாமன் ஓடி வந்து மறித்தார். நாலு ஊர்ச் சொந்தமும் உட்கார்ந்திருந்தது. "ஆத்தா மூக்கு, இலை போட்டாச்சு. கை நனைக்காமப் போகக் கூடாதுத்தா."

அவள் நின்றாள். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"என் தம்பியை அடையாளம் வச்சுக் காட்டிக்குடுத்த கை மாமா இது," என்று அவர் கையைக் காட்டினாள். "இந்தக் கை போடுற சோறு எனக்கு இறங்காது. நான் தெரியாமப் பின்னுனேன். நீங்க தெரிஞ்சு போட்டீக. அவனும் தெரிஞ்சுதான் மணவறையில உக்காந்திருக்கான். வாரேன்."

மேளக்காரர்கள் ஒரு மூச்சு நிறுத்திவிட்டார்கள். பிறகு யாரோ கைகாட்ட, முன்னைவிடச் சத்தமாக வாசித்தார்கள்.

தெருவில் சின்னக்கருப்பு பின்னாலேயே வந்து சேர்ந்தான், வாயைத் துடைத்துக்கொண்டு.

"நான் ஒரு வாய் வச்சுட்டேனே," என்றான்.

"துப்பிருங்க."

அவன் நிஜமாகவே வேலியோரம் போய்த் துப்பிவிட்டு வந்தான். அவள் மெதுவாகத்தான் நடந்தாள். வேகமாக நடந்தால் காலடிச் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று மெதுவாக நடந்தாள். சின்னப் பிள்ளையில் அவள் எங்கே கிளம்பினாலும் 'அக்கா' என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வருகிறவன். பிள்ளையார் கோயில் வந்தது. தெரு திரும்பியது. பின்னால் மேளம் மட்டும்தான் கேட்டது.